கைகாட்ட நின்றவர்

எட்டு சைக்கிள்களில் ஏழு கியர் வைத்தவை. எட்டாவது, கேரியரும் ஸ்டாண்டும் செயின் கவரும் உள்ள சாதாரணக் கறுப்பு சைக்கிள். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் விடிகிற நேரத்தில் அதை அதன் சொந்தக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மணலில் உருட்டினால் செயினுக்குள் மணல் போய்விடுமாம். மற்றவர்கள் எல்லாம் அலை வந்து பின்சக்கரத்தைத் தொட்டால் போதும் என்று ஓரமாக நின்றோம். அவர் மட்டும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, பின்சக்கரத்தை முக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். சுற்று சரியாக முடிந்ததா என்று தெரிந்துகொள்ள, காற்றடிக்கிற வால்வை அடையாளம் வைத்துக்கொண்டார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பக்தி எதற்கு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

சந்தேகம் எனக்குப் பிறவியிலேயே வந்ததா, வேலையில் ஒட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை. நெய்வேலியில், சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியைச் சோதிக்கிற லேபில் எனக்கு வேலை. பெல்ட்டில் வருகிற கரியில் நாலு மண்வெட்டி அள்ளி, குவித்து, நாலாகப் பிரித்து, மறுபடி குவித்து, மறுபடி பிரித்து, கடைசியில் மிஞ்சுகிற ஒரு டம்ளர் பொடியை வைத்து ஈரம் இவ்வளவு, சாம்பல் இவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஒரு நாள் முழுக்க வெட்டிய கரியின் தலையெழுத்து அந்த டம்ளரில் இருக்கும். இருபது வருஷம் இதையே செய்தால் மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரு பேச்சு, ஒரு பார்வை, அவ்வளவுதான், ரிசல்ட் எழுதிவிடுவேன். பால்காரர் என்னைக் கண்டால், கேட்பதற்கு முன்பே “இன்னிக்குத் தண்ணி சேக்கலம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

எங்கள் டவுன்ஷிப் சைக்கிள் குழு வருஷத்துக்கு ஒருமுறை கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடலுக்குப் போகும். கடலூரில் ஆரம்பித்து வடலூர், விருத்தாசலம், ஆத்தூர், சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு வழியாகப் பொன்னானி வரை ஐந்து நாள் பயணம். இதற்கான சடங்குகளை வகுத்தவர் ரிட்டையர் ஆன ஒரு ஃபோர்மேன். சுரங்கத்தில் பெரிய மெஷினைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டும்போது என்ன செய்வார்களோ அதெல்லாம் உண்டு. சூடம், தேங்காய், முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதன் பிறகு பின்சக்கரத்தை வங்கக் கடலில் நனைத்து, ஆளுக்கு ஒரு சின்ன பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். போய்ச் சேர்ந்ததும் முன்சக்கரத்தை அரபிக் கடலில் நனைத்து, பாட்டிலை அதில் ஊற்ற வேண்டும். இது நாமாகக் கண்டுபிடித்தது இல்லை, கரைக்குக் கரை சைக்கிள் விடுகிறவர்கள் எந்த நாட்டிலும் செய்வதுதான் என்று ஃபோர்மேனே சொல்வார். ஆனால் அவர் தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்திருந்தார். எல்லாரும் வந்து சேரும்வரை யாரும் சக்கரத்தை நனைக்கக் கூடாது. கடைசியாக வருகிறவர் எவரோ அவர்தான் முதலில் நனைக்க வேண்டும். முன்னாடி வந்தவனுக்கு எதுக்கு மரியாதை, அவனுக்குத்தான் கால் இருக்கே என்பார். எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். பெரும்பாலும் கடைசியாகப் போய்ச் சேர்கிறவள் நான்தான்.

அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த எட்டாவது ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சுரங்கத்திலிருந்து கரியைக் கொண்டுவருகிற பெல்ட்டுக்கடியில் சிந்துவதை அள்ளிப் போடுவதும், கட்டையோ கல்லோ சிக்கினால் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்துவதும் அவர் வேலை. அதனால் பெல்ட் அண்ணன். பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர், கான்ட்ராக்ட். நாங்கள் ஏழு பேரும் பர்மனென்ட். நெய்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், இரண்டு பேருக்கும் அதே ஷிப்ட், அதே கரித்தூசி. ஆனால் குவார்ட்டர்ஸ் ஒருவருக்கு, டவுன்ஷிப் காம்பவுண்டுக்கு வெளியே வீடு இன்னொருவருக்கு. என்னைவிட ஆறேழு வயது மூத்த அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை அண்ணே என்பேன். இதில் யார் யாருக்கு மரியாதை கொடுத்தோம் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஆள் ஒருவர் கூட வந்தால் நல்லது என்றுதான் ஃபோர்மேன் அவரைக் கூப்பிட்டார். அவரோ டூருக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் டீ குள்ளஞ்சாவடியில். எல்லாரும் செல்போனில் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரிடம் பட்டன் போன், அதனால் குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் இல்லை. என் பக்கத்தில் வந்து நின்று, யாரிடமும் இதுவரை கேட்காத ஒரு விஷயத்தைக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார். “அந்தக் கடல்ல சூரியன் உள்ள எறங்குமாமே மேடம்? நம்ம கடல்ல வெளிய வர்றததான் பாத்திருக்கேன். முன்சக்கரத்த நனைச்சுக்கினு அதையும் பாத்துரணும்.” இதற்காகத்தான் வந்தேன் என்றார். வருஷக் கணக்காக எந்த லீவும் எடுக்காதவர், சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஒரு வாரம் வாங்கியிருந்தார். நான் தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற சமயம். எங்கள் ஏழு பேரில் இரண்டு பேர் அதிகாரிகள். அவர்களோடு ஐந்து நாள் ஒட்டிக்கொண்டு வந்தால் யாருக்கு லாபம் என்று எனக்குத் தெரியாதா.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்கு சாம்பிள் ஆகிவிட்டது. ஆத்தூர் தாண்டி மேடு ஏறும்போது கியர் இல்லாத அந்த சைக்கிளில் எங்களுக்குச் சமமாக வந்தார். லாரியின் பின்சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வருகிறாரோ என்று சந்தேகப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். கிரீஸ் இருந்தது. காலையிலிருந்து மூன்று பேருக்குப் பஞ்சர் ஒட்டிய கையில் கிரீஸ் இல்லாமல் சந்தனமா இருக்கும்? அது எனக்கு அப்போது தோன்றவில்லை. சங்ககிரியில் அவருடைய கடல் தண்ணீர் பாட்டில் பாதியாகியிருந்ததைக் கவனித்தேன். மூடி சரியில்லை, ஒழுகுது என்றார். அவர் முகம் கழுவப் போன நேரத்தில் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான். இருந்தாலும் உப்பு எந்தப் பெட்டிக்கடையில் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே மூடி வைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால், பின்னால் நடந்தது ஏதோ தற்செயலாக நடந்த மாதிரி ஆகிவிடும்.

நாலாம் நாள் சாயங்காலம் கோயம்புத்தூரில் தங்கினோம். லாட்ஜுக்கு எதிரே டீக்கடையில் அவர் நின்று, சேலத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு, மேலே சைக்கிள் ஏற்றுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதும் கேட்டேன். ஆஹா, சாயம் வெளுத்துவிட்டது என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஐந்தாம் நாள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும் என்று பயந்து ஆள் நழுவப் பார்க்கிறார் என்று எழுதிவிட்டேன் ரிசல்ட்டை. உண்மையான காரணம் பல மாதம் கழித்துத் தெரிந்தது. நாங்கள் எல்லாரும் திரும்புவதற்கு ரயில் டிக்கெட் போட்டிருந்தோம். யாருக்கெல்லாம் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், ஏழு பேர் பதில் போட்டோம், ஏழு டிக்கெட் வந்தது. எட்டாவது ஆள் எப்படி ஊர் திரும்புவார் என்று எங்களில் ஒருவர்கூட நினைக்கவில்லை. அவர் நினைத்திருக்கிறார். யாரையும் தொந்தரவு செய்யாமல் தானே வழி பார்த்திருக்கிறார்.

ஐந்தாம் நாள் காற்றுக்கு முந்த இரவு இரண்டு மணிக்கே கிளம்பினோம். பட்டாம்பியைத் தாண்டி ஒரு பிரிவு வரும். பெரிய சாலை ஒரு பக்கம் போகும், நாங்கள் கடல் பக்கம் திரும்ப வேண்டும். தப்பாகப் போனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வீண். சாமான் வண்டி காலையிலேயே பைகளோடு முன்னால் போய்விட்டது. அன்று ஆட்களைக் கவனிக்கிற பொறுப்பு என்னுடையது, அதனால் வழியில் நிற்காமல் மிதித்தேன். ஒரு பஸ் நிறுத்தமும் டீக்கடையும் இருந்த அந்த முக்கில் நானும் பெல்ட் அண்ணனும்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். மற்றவர்கள் பின்னால் சிதறி வந்துகொண்டிருந்தார்கள். அதில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டருக்குக் கால் பிடித்துக்கொண்டது என்று போன் வந்தது. நான் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அவரிடம், “நீங்க இங்கயே நில்லுங்கண்ணே, வர்றவங்களுக்குக் கை காட்டுங்க. அப்புறமா ரிலீவர் வருவாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ரிலீவர், அதாவது ஷிப்ட் மாற்றிவிட வருகிற ஆள், என்ற சொல் எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் இருப்பது. எனக்கு அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. காலை பத்து மணி.

டிரில் மாஸ்டருக்குத் துணையாக இன்னொருவர் நின்றிருந்தார். மருந்து தடவி, உட்கார வைத்து, அவர் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது. மற்ற நால்வரும் அதற்குள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அங்கிருந்த ஒரு பெரியவர், பிரிவு வரைக்கும் போக வேண்டாம், வயலுக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது, காற்று இருக்காது என்று காட்டினார். பிடித்த காலோடு இருப்பவருக்கு அதுதான் நல்லது என்று மூன்று பேரும் அதில் போனோம். முக்கில் நிற்கிறவர் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார். முன்னால் போன நால்வரோடு சேர்ந்து போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடற்கரையில் ஏழு பேர் இருந்தோம். சாயங்காலம் நாலு, ஐந்து என்று போய்க்கொண்டே இருந்தது. ஏழு பேரும் முன்சக்கரத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தோம். அவர் போன் அணைந்து கிடந்தது. முதலில் போன நால்வரில் ஒருவர் சொன்னார்: “பஸ் ஸ்டாப்லதான் நின்னுட்டிருந்தாரு. வாங்கன்னு கூப்பிட்டோம். நீங்க போங்க, நான் வரேன்னுட்டாரு.” பஸ் ஸ்டாப் என்ற சொல் என் காதில் விழுந்ததும் கோயம்புத்தூர் டீக்கடை ஞாபகம் வந்தது. நான் எல்லாரிடமும் அதைச் சொன்னேன். சேலத்துக்கு பஸ் கேட்டார், சைக்கிள் ஏற்றுவார்களா என்று கேட்டார், என் காதால் கேட்டேன் என்றேன். ஒருவர் வண்டியில் பார்த்துவிட்டு, பை இங்கேதானே இருக்கு என்றார். இரண்டு மாற்றுத்துணிக்காக யாராவது பஸ்ஸை விடுவார்களா என்று நான்தான் பதில் சொன்னேன். வண்டி டிரைவர், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரை நிற்கச் சொன்னது நான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு யாரும் வரவில்லை என்றால் எந்த மனிதனும் கிளம்பி வந்துவிடுவான். என் பேச்சைச் சாக்காக வைத்து ஆள் நழுவிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் வராமல் நனைக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அவர் வர வேண்டிய ஆள் இல்லை, விலகிய ஆள் என்று ஆகிவிட்டால் விதி குறுக்கே நிற்காது. எங்கள் எல்லாருக்கும் அவர் ஓடிப்போனவராக இருக்க வேண்டியிருந்தது. ஃபோர்மேன் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துவிட்டு, சரி என்றார். கால் பிடித்த டிரில் மாஸ்டர் முதலில் நனைத்தார். பாட்டில்களை ஊற்றினோம், படம் எடுத்தோம். பயணக் குறிப்பு நோட்டில் ஏழு பேர் முடித்தனர், ஒருவர் இடையில் விலகினார் என்று நான் எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும்.

நாலு நாள் கழித்து சாம்பிள் எடுக்க பெல்ட்டுக்குப் போனேன். அவர் அங்கே மண்வெட்டியோடு இருந்தார். வழக்கம்போல, தூள் பறக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம் என்றார். அதற்குள் டவுன்ஷிப் முழுக்க அவருக்கு பஸ் வீரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே, என்ன அண்ணே, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

“பஸ்ஸு ஏறல மேடம். நீங்க நிக்கச் சொன்னீங்க, நின்னுகினு இருந்தேன். நாலு பேர் தாண்டிட்டாங்க, மூணு பேர் பாக்கி. வருவீங்கன்னு பாத்துகினே இருந்தேன். ரிலீவர் வரல.”

அவரே தொடர்ந்தார். “ஆறரைக்கு இருட்டிடுச்சு. டீக்கடக்காரரும் எல்லாரும் போயிட்டாங்கன்னு சொன்னாரு. நானா வுட்டுட்டு வந்துட்டேன். அது என் தப்புதான் மேடம். பாதியில வுட்டவன்னு நீங்க எழுதியிருக்கறதா சொன்னாங்க. சரிதான்.”

பெல்ட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஷிப்ட் முடிகிற சங்கு ஊதினாலும் ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள் அந்த இடத்துக்கே நடந்து வந்து, நேருக்கு நேர் நின்று, “நான் பாத்துக்கறேன், நீ போ” என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவரை எட்டு மணி நேரம் என்றாலும் பதினாறு மணி நேரம் என்றாலும் நிற்க வேண்டியதுதான். ஆள் இல்லாத நேரத்தில் பெல்ட் கரியில் புதைந்தாலோ தீப்பிடித்தாலோ, விட்டுப் போனவன் கேட் பாஸ் அன்றோடு போச்சு. பர்மனென்ட் ஆளுக்கு மெமோ வரும். கான்ட்ராக்ட் ஆளுக்கு மெமோகூட வராது. இது எனக்குத் தெரியாததில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அந்த பெல்ட்டில்தான் நிற்கிறேன். ஒரு கான்ட்ராக்ட் ஆளிடம் ரிலீவர் வருவார் என்று சொல்லி நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் எவனும் கிளம்பிவிடுவான் என்று நான் நினைத்தேன். எங்களை மாதிரி நாற்காலி வேலைக்காரர்களுக்குத்தான் அப்படி நினைக்க வரும். எட்டரை மணி நேரம் அங்கே நின்ற மனிதர், எட்டரை மணி நேரத்தில் விட்டுவிட்டு வந்தோமே என்று குற்ற உணர்ச்சியில் இருந்தார். அரிசி லாரி ஒன்றில் சைக்கிளைப் போட்டு, இரண்டு வண்டி மாறி ஊர் வந்திருக்கிறார். லாரி ஏறியது அந்த டூரில் அன்றைக்கு மட்டும்தான் என்று அவராகவே சொன்னார். என் மனதில் ஓடியதை அவர் முன்பே கண்டுபிடித்திருந்தாரோ என்னவோ.

உடனே ஊரைக் கூட்டிச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. சாம்பிள் எடுக்க வேறு ஆளை அனுப்பினேன். பிறகு ஒரு நாள், பஸ் வீரர் என்று சொல்லி எங்கள் லேபிலேயே ஒருவர் சிரித்தபோது எனக்குத் தாங்கவில்லை. நேரே ஃபோர்மேன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். முகம் வாடித்தான் போனது. ஆனால் கொஞ்ச நேரத்தில், “விடும்மா, போனது போச்சு. கான்ட்ராக்ட் ஆளுங்க இதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க” என்றார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. வாட்ஸ்அப்பிலும் நீளமாக எழுதினேன். எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடக்குத்துக்குப் போனேன். நோட்டில் எழுதியதை அடித்துவிட்டேன், இந்த வருஷ டூருக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டேன். அவர் மனைவி வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். “உங்க ஆளுங்க இவர நிக்க வச்சது பத்தலியா மேடம்? திரும்ப எதுக்கு கூப்பிடறீங்க?” என்றார். பெல்ட் அண்ணன் மனைவியை அடக்கவும் இல்லை, எனக்குப் பரிந்து பேசவும் இல்லை. யோசித்து மெதுவாகச் சொன்னார்: “புதுசா ஆரம்பிக்க முடியாது மேடம். பழசே முடியல. நான் இன்னும் அந்த முக்குலதான் நிக்கறேன்.” விளையாட்டாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று எனக்குப் புரியவில்லை. சந்தேகம் என்னும் வியாதிக்கு மருந்தில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வருகிற வழியில் அதன் மேல் எனக்கே சலிப்பு வந்தது. அவர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. முக்கில் நிற்கிற ஆளை முக்கில் போய்த்தானே விடுவிக்க வேண்டும்.

நான் இதைச் சொன்னதும் சரி என்றார். அவருக்கு லீவு கிடைத்த நாளாகப் பார்த்து, விருத்தாசலத்திலிருந்து ரயிலில் போனோம். சைக்கிளைப் பார்சலில் போட்டோம். அவர் மனைவியும் வந்தார். பட்டாம்பியில் இறங்கியதும் அவர் தன் மனைவியிடம், பஸ்ஸில் கடலுக்குப் போய்விடு, நான் வந்து நனைப்பதைப் பார்க்கலாம் என்றார். “நான் போவல. இவங்க நிக்கறாங்களான்னு இங்கயே இருந்து பாக்கறேன்” என்று மனைவி சொல்லிவிட்டார். முக்கு அப்படியேதான் இருந்தது. டீக்கடைக்காரர் பெல்ட் அண்ணனை உடனே அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார். அன்று அவர் நின்ற இடம் எது என்று கேட்டேன். பஸ் நிறுத்தத்தின் நிழலில் இல்லை, அதிலிருந்து பத்தடி தள்ளி, வெயிலில், இரண்டு சாலையிலும் வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில். அவர் சைக்கிளைப் பிடித்தபடி அங்கே போய் நின்றார். நான் எதிரே போனேன். சொல்ல வேண்டியதை ரயிலில் பத்து முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

“நான் பாத்துக்கறேண்ணே. நீங்க போங்க.”

அவர் தலையை ஆட்டினார். ஏறி மிதித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது காலை மணி பத்து.

அங்கிருந்து கடலுக்கு முப்பது கிலோமீட்டர். அவர் மிதிக்கிற வேகத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். போய்ச் சேர்ந்ததும் போன் செய்வார், நான் கிளம்பலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. போன் வரவில்லை. நான் அழைக்கவில்லை, அன்று அவர் யாரை அழைத்திருப்பார்? வெயில் தார்ச்சாலையிலிருந்து மேலே ஏறியது. இரண்டு மணிக்கு அவர் மனைவி புளிசாதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நின்றபடியே சாப்பிட்டேன். மூன்று மணிக்கு மேல் கால் மரத்து, இரண்டு முறை கீழே உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார். நாலரை மணிக்கு என் பழைய புத்தி எழுந்துகொண்டது. பெல்ட் அண்ணன் அடுத்த வளைவில் எங்கேயோ மர நிழலில் படுத்திருக்கிறார்; நான் நிற்கட்டும் என்று நேரத்தைக் கடத்துகிறார். இல்லை, வழியில் ஏதாவது ஆகிவிட்டதா? இல்லை, கடலுக்குப் போகவே இல்லையோ? மாறி மாறி இதையே நினைத்துக்கொண்டு, போகிற வருகிற பஸ்களுக்கு நடுவே நின்றேன். அன்று அவரும் எங்களைப் பற்றி இப்படியெல்லாம் நினைத்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போன் வந்தது. பின்னால் அலைச்சத்தம் கேட்டது. “நனைச்சுட்டேன் மேடம். சூரியன் உள்ள எறங்கிடுச்சு, இருந்து பாத்துட்டேன். நீங்க போலாம்” என்றார். போனை வைத்துவிட்டு மணியைப் பார்த்தேன். ஆறரை.

எட்டரை மணி நேரம். சூரியன் இறங்குவதைப் பார்ப்பதற்காகத்தான் அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாரா, அல்லது அவர் நின்ற நேரம் முழுவதையும் என்னை நிற்க வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் வாரத்துக்கு இரண்டு முறை அவரைப் பார்க்கிறேன். தள்ளி நில்லுங்க மேடம் என்கிறார், தள்ளி நிற்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்தவள், இந்த ஒன்றை மட்டும் அவரிடம் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.